அண்ணன்மார்களே, முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்!

பால்வெட்டு முடிந்து வந்ததும் துணி துவைக்கும் சவர்க்காரத்தையே முகத்திலும் தேய்த்துக்கொள்ளும் அண்ணன்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. என் தகப்பனாரும் அப்படித்தான். கடைசிவரை அவர் கன்னம் வெள்ளை பூத்து வெடித்தே கிடந்தது. அந்தச் சவர்க்காரத்தின் காரம் அழுக்கோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும்.

முதலில் உங்கள் தோல் எந்த வகை என்று பாருங்கள். முகம் கழுவி, எதுவும் பூசாமல் 1 மணி நேரம் இருங்கள். முகமெல்லாம் மினுங்கினால் எண்ணெய்த் தோல். இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் இரண்டும் கலந்தது.

வறண்ட தோலா? குளித்த ஈரம் காயுமுன் 2 சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். கலந்த தோலென்றால் கன்னத்துக்கு மட்டும். எண்ணெய்த் தோல்காரர் அதைத் தொடவே வேண்டாம், பரு கிளம்பும். காலையும் மாலையும் மென்மையான சவர்க்காரம் போதும். பரு உள்ளவர்கள் முடி வளரும் பக்கமாகவே சவரம் செய்யுங்கள்.

செம்பனை வேலையில் வெயிலில் நிற்பவர்களுக்கு அகலத் தொப்பியோடு எஸ்.பி.எஃப். 30 வெயில் கிரீமும் வேண்டும். 'பொம்பளை சமாச்சாரம்' என்று சிரிக்காதீர்கள்! வெள்ளையாக்கும் கிரீமுக்கு மட்டும் காசைக் கொட்டாதீர்கள். பாதரசம் கலந்திருந்ததால் மலேசிய சுகாதார அமைச்சு அவற்றில் பலவற்றைத் தடை செய்திருக்கிறது.