ஏழு நாள் சலுகை

பன்றிக்குட்டிக்குக் காயடிப்பதைப் பற்றியெல்லாம் எழுதுவதா என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். கத்தி பிடிக்கிறவனுக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு?

காயடிக்காத ஆண் பன்றிகளில் சிலவற்றின் இறைச்சியைச் சமைத்தால் மூத்திர வாடை போல ஒரு நாற்றம் வரும். அந்தச் சிலவற்றுக்காக ஐரோப்பாவின் பல நாடுகளில் ஆண் குட்டிகள் அத்தனைக்கும் பிறந்த வாரத்திலேயே விதைப்பையைக் கீறி விதைகளை எடுத்து வந்தார்கள். ஐரோப்பிய யூனியனின் 2008-ஆம் வருஷத்து விதி ஒரு வரம்பு கட்டிற்று. ஏழு நாள் கடந்த குட்டியானால் மிருக வைத்தியர்தான் செய்யவேண்டும். மயக்க மருந்தும், நெடுநேரம் நிற்கும் வலி மருந்தும் உண்டு. ஏழு நாளுக்குள் என்றால் இரண்டும் கட்டாயமில்லை! ஏழாம் நாள் இல்லாத நரம்பு எட்டாம் நாள் எங்கிருந்து முளைக்கிறது? சின்னக் குட்டியைக் கையில் பிடிப்பது சுலபம், அவ்வளவுதான்.

ஜெர்மனியின் கதை இன்னும் விசேஷம். பிராணிகளைக் காப்பது அரசின் கடமை என்று 2002-ல் அரசியல் சாசனத்திலேயே எழுதிக்கொண்டவர்கள் அவர்கள். மயக்காமல் காயடிப்பது 2018 முடிவோடு நிற்கவேண்டுமென்று 2013-ல் சட்டமும் செய்தார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் அவகாசம். கெடு நெருங்கியதும், "இன்னும் தயாராகவில்லை" என்ற பாட்டு. பார்லிமெண்டு மேலும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டது. தடை 2021 ஜனவரியில்தான் வந்தது.

வழியா இல்லை? ஸ்விட்ஜர்லாந்து 2010-லேயே தடை செய்து, ஐசோஃப்ளூரேன் வாயுவைக் கையாளப் பண்ணைக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தது. நார்வேயில் அதற்கும் முன்பே மிருக வைத்தியர் மரத்துப்போக ஊசி போட்டார். கத்தியே வேண்டாமென்றால் தடுப்பூசி இருக்கிறது. நாலு வாரமாவது இடைவெளி விட்டு இரண்டு ஊசி. விதை தன் வேலையை நிறுத்திக்கொள்ளும், நாற்றமும் வராது. ஐரோப்பாவில் அதற்கு 2009-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வியாபாரிகள்தான் தயங்கினார்கள்.

"வலி மருந்து கொடுத்துவிட்டுத்தானே அறுக்கிறோம்" என்று ஒரு சமாதானம் உண்டு. மெலாக்ஸிகாம் போன்ற மருந்து பிற்பாடு வருகிற புண்வலியைத் தணிக்கும், நல்லதுதான். கத்தி இறங்குகிற நேரத்து வலிக்கு அது போதாது. குட்டி வீறிடுவது அந்த நேரத்தில்தானே?

தின்னப்போகிற பன்றிக்கு இத்தனை உபசாரமா என்பார்கள். நான் சைவ உணவுப் பிரசாரத்துக்கு வரவில்லை, ஐயா. மயக்க மருந்துக்குச் செலவாகும் என்பதையும் மறுக்கவில்லை. அதைப் பண்ணைக்காரன் ஒருவன் தலையில் கட்டுவது அநியாயம். மலிவு விலைப் பலகை மாட்டுகிற பெரிய கடைகளும், அதைப் பார்த்து வாங்குகிறவர்களும் சேர்ந்து கொடுக்கட்டும்.