கிழவர் வேஷம் கட்டிய வாலிபர்

சினிமாவில் சேர ஆசைப்படும் வாலிபர்கள் என்ன வேஷம் கேட்பார்கள்? கதாநாயகன் வேஷம்தான் கேட்பார்கள். இருபது வயதுப் பையனிடம், "60 வயதுக் கிழவராக நடி" என்றால் எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

ஒருவர் சம்மதித்தார். அவர்தான் வி. கே. ராமசாமி.

அது நடந்த இடம் சென்னை அல்ல. நம் தேவகோட்டை ரஸ்தா!

இரண்டாவது உலகப் போரை ஒட்டிய காலம் அது. சென்னையில் படம் எடுப்பது கஷ்டமாக இருந்தது. ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் சொந்த ஊரான காரைக்குடிப் பக்கம் வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ அமைத்தார். அங்கே உருவான படம்தான் "நாம் இருவர்". 1947 பொங்கலுக்கு வெளிவந்தது.

அந்தப் படத்தில் டி. ஆர். மகாலிங்கம் பாடினார். குமாரி கமலா ஆடினார். ஜனங்கள் சொக்கிப் போனார்கள். கிழவராக வந்து அவர்களைச் சிரிக்க வைத்தவர் ராமசாமி. 1926-ல் பிறந்த அவருக்கு, படம் வெளிவந்தபோது வயது 21 தான்.

"கிழவர் வேஷம் போட்டால் கடைசிவரை கிழவர்தானே!" என்று சிலர் நினைக்கலாம். ஆம், பெரும்பாலும் அப்பாவாகவும் மாமனாராகவும்தான் வந்தார். அதனால் அவருக்கு நஷ்டமா?

கணக்குப் பாருங்கள். 1972-ல் "பட்டிக்காடா பட்டணமா" படத்தில் கதாநாயகியின் தந்தை. 1978-ல் "ருத்ர தாண்டவம்" படத்தில் சிவபெருமான். 1985-ல் "ஆண் பாவம்" படத்தில் இளைஞர்களின் அப்பா. அதற்குள் எத்தனையோ கதாநாயகர்கள் வந்து போய்விட்டார்கள். அவரோ அரை நூற்றாண்டுக் காலம் நடித்தார். 2002 டிசம்பரில் காலமானார்.

"கூட்டத்தை இழுப்பவர் கதாநாயகன். அவருக்குத்தானே பெயரும் பணமும்?" என்று கேட்பார்கள். பணம் அப்படிப் போகட்டும். பெயர் ஏன் மறக்க வேண்டும்? கண்டிக்க ஓர் அப்பா இல்லாவிட்டால் கதாநாயகன் யாரிடம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போவார்? தடை சொல்ல ஒரு மாமனார் இல்லாவிட்டால் காதலில் என்ன சுவை?

வீட்டிலும் இதே கதைதான். முதல் மார்க்கு வாங்கும் பிள்ளையைக் கொண்டாடுகிறோம். கடை கணக்கை ஒழுங்காகப் பார்க்கும் பிள்ளையை, "இவன் என்னத்தைச் சாதித்தான்?" என்கிறோம். அந்தச் சொல் பிள்ளையின் மனத்தில் முள்ளாகத் தைக்கும். முதல் இடம் ஒருவருக்குத்தான். மற்ற இடங்களில் நிற்பவர்கள் விலகினால் முதல் இடமும் நிற்காது.

தாய்மார்களே, தந்தைமார்களே! டெலிவிஷனில் பழைய படம் ஓடும்போது குழந்தைகளுக்குக் கதாநாயகன் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். "அதோ, அந்த அப்பாவாக வருகிறவர் வி. கே. ராமசாமி. முதல் படத்திலேயே கிழவராக நடித்தவர். நம் ஊர்ப் பக்கத்தில்தான் தொடங்கினார்" என்றும் சொல்லுங்கள்.

கிடைத்த வேஷத்தைத் திறமையாகச் செய்தால் அதுவே பெரிய வேஷம் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.