சாவி சட்டைப் பையில் இருக்கட்டும்

உங்கள் வீட்டு அஞ்சடியில் நிற்கும் கப்சாயைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. செம்மண் பாதையில் மழையென்றும் வெயிலென்றும் பாராமல் ஓட்டி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, சங்கிலியை இழுத்துக் கட்டிப் பாதி மெக்கானிக்காகவே ஆகிவிட்டவர்கள் நீங்கள். ஹோண்டா 1958இல் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழி வந்தவை அவை. இடக்கையால் கிளட்ச் பிடிக்கும் வேலைகூட அவற்றில் இல்லை.

இம்முறை நான் சொல்ல வந்தது வேறு வண்டி. நாற்பதைத் தாண்டிய நம்மவர் சிலருக்கு இப்போது பழைய பாணி மோட்டார் சைக்கிள் மீது ஆசை வந்திருக்கிறது. எனக்கும் வந்தது, நாற்பத்தாறு வயதில். வாங்கியது ராயல் என்பீல்டு கிளாசிக் 350. ஊதாரித்தனம் என்று வீட்டில் தொடுத்த வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதை விடுங்கள்.

இங்கிலாந்தில் பிறந்த இந்த வண்டி 1955 முதல் மதராஸிலும் செய்யப்பட்டது. தாய்வீட்டில் 1970இல் உற்பத்தி நின்றுபோக, சென்னையில் மட்டும் நிற்கவே இல்லை. ஆகையால் நம்மவர் கை பட்டு வருகிற வண்டி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வாங்குமுன் உங்கள் உரிமத்தைப் புரட்டிப் பாருங்கள். கப்சாய்க்கு எடுத்த பி2 உரிமம் 250 சிசி வரைதான் செல்லும். இதற்கு மேல்வகுப்பு உரிமம் வேண்டும். மறுபடியும் தேர்வு எழுதும் மாணவனைப் போல் போய் நிற்க வேண்டும்.

அடுத்தது, ஆளுக்கு ஆள் சொல்லும் யோசனை. தமிழ்நாட்டில் அந்தக் காலத்துப் புல்லட் ஓட்டிய உறவினர், கிக்கரை உதைக்குமுன் செய்யும் சடங்குகளையெல்லாம் சொல்வார். வலக்காலில் கியர் என்பார். பாயிண்டைத் தேய்க்கச் சொல்வார். அவர் சொல்வது அவருடைய வண்டிக்குச் சரி. 2021இல் இஞ்சினை மாற்றி வந்த கிளாசிக் பார்வைக்குத்தான் தாத்தா. அதில் கிக்கர் கிடையாது, பாயிண்ட் கிடையாது. கழற்றிக் கழுவக் கார்புரேட்டரும் கிடையாது. பெட்ரோலை உள்ளே செலுத்துவதே மின்சார பம்பு. பேட்டரி செத்தால் வண்டி கல்தான். நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

கப்சாய் பழக்கத்திலும் ஒன்றை விட்டொழிக்க வேண்டும். நம் தோட்டங்களில் சங்கிலி துடைக்கும் முறையைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை நடுக்கட்டையில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றும்போது துணியைப் பிடிப்பார்கள். வேலை சீக்கிரம் முடியும். விரலும் சீக்கிரம் போகும். துணியின் நுனியைப் பல்சக்கரம் கவ்வினால் கை பின்னாலேயே போய்விடும். இழுத்துக்கொள்ள நேரமே இராது. பால் வெட்டுகிறவனுக்கும் குலை அறுக்கிறவனுக்கும் விரல்தானே முதலீடு?

பட்டணத்துப் பட்டறையில் வேலை செய்யும் என் பழைய மாணவன்தான் இப்போது எனக்கு ஆசிரியர். மூன்றாம் வகுப்பில் அவனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன். அவன் எனக்குச் சொன்ன முதல் பாடம்: “சார், முதல்ல சாவிய எடுத்துச் சட்டைப் பையில போடுங்க. அப்புறம் சங்கிலியத் தொடலாம்.” அதன்பின் சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். பல சங்கிலிகளின் இணைப்புகளுக்குள் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். பெட்ரோல் அவற்றைக் கெடுக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும். உலர்ந்ததும் சங்கிலிக்குரிய எண்ணெயைச் சங்கிலியின் உட்புறம் விடுங்கள். செம்மண்ணும் பழைய எண்ணெயும் கலந்தால் உப்புத்தாளுக்குச் சமம். கப்சாயின் சங்கிலிக்கு மூடி உண்டு. இதன் சங்கிலியோ வெட்டவெளியில் ஓடுகிறது.

தொய்வைப் பார்க்கும்போது ஓரிடத்தில் அளந்தால் போதாது. சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும். இருபுறமும் சக்கரம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அளவு எவ்வளவு என்பதைக் கையேட்டில் போட்டிருக்கிறார்கள். “விறைப்பாக இருந்தால் நல்லது” என்று நினைப்பவர்கள் பேரிங்குக்குக் காசு எடுத்து வையுங்கள்.

இஞ்சின் எண்ணெயிலும் ஒன்று. கிளட்ச் அதே எண்ணெயில்தான் ஊறிக் கிடக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். புட்டியில் ‘ஜாசோ எம்.ஏ’ அல்லது ‘எம்.ஏ.2’ என்ற முத்திரையைத் தேடுங்கள். எண்ணெய் வடிக்கும் திருகாணியை ஆள் பலம் காட்டி முறுக்க வேண்டாம். அலுமினியத்தில் புரி போனால் ஐந்து வெள்ளி வேலை ஐந்நூறாகும்.

இந்த இடத்தில் நம் பெரியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால்மரம் சீவிய கைக்கு, பட்டை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். அந்தக் கைக்கு ஒரு திருகாணி ‘போதும்’ என்று சொல்லும் இடம் தெரியாதா? எங்கள் லயத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் என் வண்டியின் திருகாணியை முடுக்கியதைப் பட்டறைக்காரப் பையன் அளவுக்கருவி வைத்துச் சோதித்தான். கருவி குறை சொல்லவில்லை.

அவருக்குத் தடையாக இருந்தது கை அல்ல, கையேடு. ஆங்கிலத்தில் இருக்கிறது. “நமக்கு எதுக்கு வாத்தியாரே, படிச்சவங்க வேலை” என்று ஒதுங்கினார். பிள்ளைகளுக்கு முன் தெரியாதவராக நிற்க அப்பாக்களும் தாத்தாக்களும் எவ்வளவு கூசுகிறார்கள் என்பது இருபது வருடமாகப் பள்ளியில் இருக்கும் எனக்குத் தெரியும். அதனால் ஆறாம் வகுப்புப் பேரனை ஒரு முக்காலியில் உட்காரவைத்தேன். அவன் வாசித்து, எண்ணைச் சொல்லி, தமிழில் விளக்கினான். தாத்தா அளந்தார். மூன்றாவது ஞாயிறு, பையன் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்ததை அவரே பிடித்துவிட்டார்: “அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பாக்கணும்னு போட்டிருக்குமே?” போட்டிருந்தது!

கப்சாய்க்கும் கையேடு உண்டு. வீட்டில் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பரணில், பிளாஸ்டிக் பை பிரிக்கப்படாமல் கிடக்கும். வருகிற ஞாயிறு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வடித்த கறுப்பெண்ணெயை மட்டும் தோட்டத்து ஓடையில் ஊற்றிவிடாதீர்கள். காலிப் புட்டியில் அடைத்து, பட்டணத்துக்குப் போகும்போது பட்டறையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.