வானத்துலேர்ந்து விழுந்த கல்லா? காந்தத்தை முதல்ல கீழே வைங்க!

1886 ஜனவரி 27. அன்றைய தென்னாற்காடு மாவட்டம், இன்றைய திருவண்ணாமலை பக்கம் இருக்கும் நம்மியந்தல் கிராமம். வானத்திலிருந்து ஒரு கல் வந்து விழுந்தது. எடை சுமார் 4.5 கிலோ. மாவட்டத்தின் தலைநகர் அப்போது கடலூர். டெலிபோன் கிடையாது, வாட்ஸ்அப் கிடையாது. ஆனாலும் அந்தக் கல் ஆய்வாளர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. விண்கல்லுக்கு அது விழுந்த ஊரின் பெயரைத்தான் வைப்பார்கள். அதனால்தான் உலக விண்கல் பட்டியலில் இன்றைக்கும் ‘நம்மியந்தல்’ என்று ஒரு பெயர் இருக்கிறது.

இன்னைக்கு கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒரு கல் விழுந்தால் என்ன ஆகும்? முதல் பத்து நிமிஷத்தில் வீடியோ. அடுத்த பத்து நிமிஷத்தில், “இரும்பு இருக்கான்னு பாப்போம்” என்று யாராவது ஒரு காந்தத்தைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்ப்பார். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன் என்று சொல்வதற்கு முன், ஒரு கல்லில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம்.

கல்லின் ஆதார் கார்டு

நம்மியந்தல் கல்லை ‘எச்5’ வகை காண்ட்ரைட் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். ‘எச்’ என்றால் இரும்பு அதிகம். 5 என்பது, அந்தக் கல் தன் தாய்க் குறுங்கோளுக்குள் இருந்தபோது எவ்வளவு சூடானது என்பதைக் காட்டும் எண். இந்த வகைக் கற்களை அறுத்துப் பார்த்தால் ஆலிவைன், பைராக்சீன் ஆகிய கனிமங்களும், நிக்கல் கலந்த இரும்புத் துணுக்குகளும், காண்ட்ரூல் எனப்படும் சின்னச் சின்ன உருண்டைகளும் தெரியும. சூரியக் குடும்பம் உருவான காலத்தில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகிய துளிகள் உறைந்து உண்டானவை அந்த உருண்டைகள். பூமியில் கிடைக்கும் எந்தப் பாறையும் அவ்வளவு பழசு இல்லை.

நாலு வருஷம் கழித்து, 1890-ல், திருப்பத்தூர் பக்கம் காக்கங்கரையில் இன்னொரு கல் விழுந்தது. மொத்தமே சில நூறு கிராம். ஆனால் அதன் கனிமக் கலவை அதுவரை தெரிந்த எந்த வகையிலும் அடங்கவில்லை. பிறகு அதற்காகவே ஒரு தனிக் குழு உருவாக்கி, ஆங்கிலத்தில் அந்த ஊரின் முதல் எழுத்தான ‘கே’யையே பெயராக வைத்தார்கள். உலகம் முழுக்க இன்றுவரை அந்தக் குழுவில் சேர்ந்த கற்களை விரல்விட்டு எண்ணலாம். அன்று அந்தக் கல்லை யாராவது தூக்கி வயலில் எறிந்திருந்தால், அந்தப் பக்கமே எழுதப்படாமல் போயிருக்கும்.

அதே வட்டாரத்தில்தான் 2016 பிப்ரவரியில் வேறொரு கதை நடந்தது. நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் விழுந்து இறந்தார் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிக்கை விட்டு, குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்றார்கள். நிவாரணம் கொடுத்ததில் தப்பே இல்லை. லேப் ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே காரணத்தை அறிவித்ததுதான் தப்பு. உண்மையான காரணம் வேறாக இருந்தால், அதைத் தேடும் வேகம் அங்கேயே குறைந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கையளவு விண்கல் வெடிக்காது. காற்று மண்டலம் அதன் வேகத்தைத் தின்றுவிடும். கடைசியில் மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில், மொட்டை மாடியிலிருந்து போட்ட கல் மாதிரி ‘தொப்’பென்று விழும். தீப்பிழம்பு, புகை, ஆழமான பள்ளம் எல்லாம் சினிமா.

பள்ளம் அழியும், கனிமம் அழியாது

பெரிய கல் என்றால் பள்ளம் விழும், உண்மைதான். ஆனால் பூமியில் உறுதி செய்யப்பட்ட மோதல் பள்ளங்கள் சுமார் 200தான். நிலவில் அவை எண்ணில் அடங்காதவை. இங்கே மழை, ஆறு, மண் எல்லாம் சேர்ந்து தழும்பை மூடிவிடுகின்றன. கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் வண்டலைக் கொட்டிக்கொண்டே இருக்கும் பூமி. பழைய பள்ளம் ஏதாவது இருந்திருந்தாலும் கண்ணில் படாது.

அப்படியென்றால் எதை நம்புவது? கனிமத்தை. மகாராஷ்டிராவின் லோனார் ஏரி எரிமலை வாயா, விண்கல் பள்ளமா என்று நீண்ட காலம் சண்டை. 1973-ல் தீர்ப்பு வந்தது. ஏரிக்கு அடியில் இருந்த பாறையில் மாஸ்கலினைட் கிடைத்தது. பிளேஜியோகிளேஸ் என்ற சாதாரணக் கனிமம், மோதல் அதிர்ச்சியில் உள்கட்டமைப்பு நொறுங்கி, கண்ணாடி போல ஆன வடிவம் அது. எரிமலையால் அதைச் செய்ய முடியாது. இந்த மாஸ்கலினைட்டை முதலில் கண்டுபிடித்ததும் இந்தியாவில் விழுந்த ஒரு கல்லில்தான். 1865-ல் பீகாரின் ஷெர்கோட்டியில் விழுந்தது. அது செவ்வாய் கிரகத்தின் துண்டு என்று நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் தெரிந்தது. பத்திரமாக வைத்திருந்ததால் தெரிந்தது.

அதே பிளேஜியோகிளேஸ் அடி வாங்காமல், வெள்ளை வெளேரென்று நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடக்கிறது. அனார்த்தோசைட் என்ற பாறை. நிலவின் மேட்டு நிலங்களும் இதே வகைப் பாறைதான். அதனால்தான் சந்திரயானைச் சோதித்துப் பார்க்க, இந்தப் பாறையை அரைத்து இஸ்ரோ செயற்கை நிலா மண் தயாரித்தது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், அதாவது பழைய தென்னாற்காட்டுக்காரர் என்பது நமக்கெல்லாம் ஒரு தனி சந்தோஷம். அந்த விண்கலத்தின் ரோவர் தென் துருவம் அருகே மண்ணை 23 இடங்களில் அளந்தது. 2024-ல் முடிவு வெளியானது. நிலவு ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது, லேசான பிளேஜியோகிளேஸ் மேலே மிதந்து ஓடு ஆனது என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. அந்த மண்ணில் மெக்னீசியம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பழங்காலத்தில் நடந்த ஒரு மாபெரும் மோதல், ஆழத்திலிருந்து தோண்டி எறிந்ததாக இருக்கலாம் என்கிறார்கள்.

காந்தம் ஏன் கூடாது?

சில விண்கற்களுக்குள் இருக்கும் இரும்புத் துகள்கள், அவை பிறந்த இடத்தின் காந்தப் புலத்தைப் பதிவு செய்து வைத்திருக்கும். கிட்டத்தட்ட ஹார்ட் டிஸ்க். சகாரா பாலைவனத்தில் கிடைத்த ‘பிளாக் பியூட்டி’ என்ற செவ்வாய்க் கல்லில் 440 கோடி ஆண்டுப் பழைய துணுக்குகள் உண்டு. செவ்வாய்க்குக் காந்தப் புலம் இருந்த காலத்தின் சாட்சி. ஆனால் ஆய்வாளர்கள் பார்த்தபோது, பல துண்டுகளில் அந்தப் பதிவு போய்விட்டிருந்தது. காரணம், கல் பொறுக்கியவர்கள் “ஒட்டுதா” என்று பார்த்த கைக் காந்தம். 2023-ல் வெளியான ஆய்வு இது. ஒரு செகண்ட் போதும், மொத்த மெமரியும் ஃபார்மேட்.

தவிர, காந்தத்தில் ஒட்டுவது எல்லாம் விண்கல்லும் இல்லை. பண்ருட்டி, விருத்தாசலம் முந்திரிக் காடுகளில் செம்மண்ணோடு இரும்புச் சத்துள்ள கருஞ்சிவப்புக் கற்கள் நிறையக் கிடைக்கும். பழைய இரும்பு உலைக் கழிவும் அப்படித்தான் இருக்கும், ஆனால் அதில் காற்றுக் குமிழ் ஓட்டைகள் தெரியும். புதிதாக விழுந்த விண்கல்லில் அந்த ஓட்டைகள் பொதுவாக இருக்காது. மேலே மெல்லிய கருந்தோல் இருக்கும், அளவுக்கு மீறி கனக்கும். இதுவரைக்கும் வீட்டிலேயே பார்க்கலாம். மிச்சம் லேப் வேலை.

இந்தியாவில் விழும் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு ஜி.எஸ்.ஐ. எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துடையது. கொல்கத்தாவில் சேகரிப்பு, சென்னையில் மாநில அலுவலகம். இது எத்தனை விஏஓ-க்களுக்கும் ஸ்டேஷன் ஆபீசர்களுக்கும் தெரியும்? பாறை, புதைபடிவம், விண்கல் எல்லாவற்றையும் பாதுகாக்க மத்திய அரசு 2022-ல் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. சட்டம் வந்தபாடில்லை. வருகிறவரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறையே இருக்கிறது. கல் கிடைத்தால் முதலில் அங்கே கொடுங்கள், அவர்கள் பார்த்து ஜி.எஸ்.ஐ.க்கு அனுப்புவார்கள் என்று கடலூர் கலெக்டர் ஆபீஸ் ஒரு சுற்றறிக்கை விடலாம். பைசா செலவில்லை. ஆகாயத் தலம் என்று பெயர் எடுத்த ஊருக்குப் பொருத்தமான வேலையும்கூட!

அந்தச் சுற்றறிக்கையில் இதையும் சேர்க்கலாம்: வெறும் கையால் தொடாதீர்கள். கழுவாதீர்கள், கடலோர உப்புக் காற்றிலேயே உள்ளிருக்கும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். உடைத்துப் பங்கு போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நேரம், சத்தம் வந்த திசை, மேப் லொகேஷன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சுத்தமான, ஈரமில்லாத அலுமினியம் ஃபாயிலில் சுற்றி வையுங்கள். வீடியோவை அப்புறம் போட்டுக்கலாம்.