கட்டிக்குள் ஒட்சிசன் எவ்வளவு? அளந்த பிறகு கதிர்வீச்சைத் தொடங்குங்கள்

தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுக் கொடுக்கும் முன் வைத்தியர்கள் கட்டியின் நீள அகலத்தை அளக்கிறார்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கட்டிக்குள் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரும்பாலான இடங்களில் யாரும் பார்ப்பதில்லை. எத்தனையோ நோயாளிகளுக்குக் கதிர்வீச்சு பலிக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடிய அளவு அது. அதை வழமையான பரிசோதனைகளுள் ஒன்றாக்க வேண்டும், பிரான்சின் பொது வைத்தியசாலைகள் அதற்கு முன்கை எடுக்க வேண்டும் என்று கோருகிறோம்.

இந்தக் கோரிக்கை பரிசின் தமிழ்க் கடைப்பகுதியான லாச்சப்பலில் இருந்து எழுவதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள ரூ காய் வீதிக் கடைகளில் கறிவேப்பிலைக்குப் பக்கத்திலேயே வெற்றிலையும் பாக்கும் கிடைக்கின்றன. இலங்கையில் ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் அறிவித்ததே லியோனில் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமைதான். ஊரில் இருந்து எம்மோடு வந்த பழக்கம் இது, நோயும் கூடவே வந்திருக்கிறது. வாய், தொண்டை, கருப்பை வாய் ஆகிய இடங்களின் கட்டிகளில்தான் ஒட்சிசன் குறைபாடு மிக அதிகமாக ஆராயப்பட்டிருக்கிறது.

கட்டி வேகமாக வளர்கிறது, அதற்கு ஈடாக இரத்தக் குழாய்கள் வளர்வதில்லை. குழாயில் இருந்து ஒரு மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்கு தூரம் தள்ளியிருந்தாலே போதும், அந்தக் கலத்துக்குப் போதிய ஒட்சிசன் எட்டாது. சாகாமல், அரைகுறையாக மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் அக்கலங்களைக் கொல்ல, நல்ல ஒட்சிசன் உள்ள கலங்களைக் கொல்லத் தேவையானதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும். கதிர்வீச்சு மரபணு இழையில் ஏற்படுத்தும் காயத்தை ஆறவிடாமல் நிலைநிறுத்துவது ஒட்சிசன் என்பதே காரணம். இங்கிலாந்தின் லூயிஸ் ஹரல்ட் கிரேயும் தொம்லின்சனும் இதை 1950களிலேயே விளக்கிவிட்டார்கள். கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் அலகுக்கு இன்று கிரேயின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நோயாளிக்கும் எத்தனை கிரே என்று தசம தானம் வரை எழுதுகிறோம், அவர் வற்புறுத்திய ஒட்சிசனை மட்டும் அளக்காமல் விடுகிறோம்.

அளவிட்டபோது கிடைத்த விடை தெளிவானது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஹொக்கெலும் வாவ்பெலும் கருப்பை வாய்க் கட்டிகளுக்குள் ஊசி மின்முனையைச் செலுத்தி அளந்து 1996இல் முடிவை வெளியிட்டார்கள். ஒட்சிசன் அழுத்தம் 10 மில்லிமீற்றர் இரசத்துக்குக் கீழே இருந்த பெண்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். சத்திரசிகிச்சை பெற்றவர்களிடமும் அதே நிலைதான் என்பதால், இது கதிர்வீச்சோடு மட்டும் நிற்கும் விடயம் அல்ல.

அன்றைய ஊசி வலி தந்தது, கைக்கு எட்டும் கட்டிகளுக்கே பயன்பட்டது. இன்று ஒட்சிசன் குறைந்த பகுதிகளை வெளியில் இருந்தே காட்டும் பெட் ஸ்கேன் இருக்கிறது. அமெரிக்காவின் டார்ட்மத்தில் பெரியண்ணன் குப்புசாமியும் குழுவினரும் ‘ஒக்சிசிப்’ என்ற நுண்ணிய உணரியை உருவாக்கியிருக்கிறார்கள். அதைக் கட்டிக்குள் ஒருமுறை செருகிவிட்டால், காந்தப்புலத்தின் உதவியோடு வெளியில் இருந்தே நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அளக்கலாம். நோயாளிகளிடம் நடத்திய முதல் சோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஒரு தமிழ்ப் பெயர் அந்த வேலையின் முன்னணியில் இருப்பதில் எமக்குப் பெருமை உண்டு.

அளந்து என்ன செய்வது, மருந்து இல்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிரான்சிலேயே ரூவான் நகரின் பியர் வேரா குழு, நுரையீரல் கட்டிகளில் ஒட்சிசன் குறைந்த பகுதிகளை ஸ்கேனில் கண்டறிந்து கதிர்வீச்சைக் கூட்டிப் பார்த்தது. 2017இல் வெளிவந்த முடிவின்படி, கூட்டிக் கொடுத்தும் அந்த நோயாளிகளின் நிலை மற்றவர்களை விட மோசமாகவே இருந்தது. ஆனால் திராபசமைன் கதையையும் பார்க்க வேண்டும். ஒட்சிசன் குறைந்த கலங்களை மட்டும் குறிவைத்த மருந்து அது. யாருடைய கட்டியில் குறைபாடு இருக்கிறது என்று பிரிக்காமல் 861 பேரிடம் சோதித்தார்கள், பலன் இல்லை என்ற முடிவு 2010இல் வெளிவந்தது. முன்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்த சிறிய குழுவில், குறைபாடு உள்ளவர்களிடம் அதே மருந்து வேலை செய்திருந்தது. ஊகத்தை நம்பியதற்கு இன்னொரு விலையும் கொடுக்கப்பட்டது. இரத்தத்தைக் கூட்டினால் கட்டிக்கு ஒட்சிசன் போகும் என்று எண்ணி, கதிர்வீச்சோடு எரித்ரோபொயட்டின் கொடுத்த ஆய்வில் ஹீமோகுளோபின் ஏறியது, நோய்க்கட்டுப்பாடோ மோசமானது. 2003இல் வந்த முடிவு அது.

அளப்பதன் பெரும் பலன் சிகிச்சையைக் குறைப்பதில் இருக்கலாம் என்று கருதுகிறோம். நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் நிலையத்தில், பப்பிலோமா வைரசால் வந்த தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கு முதற்கட்டியை அகற்றிய பின் ஒட்சிசன் ஸ்கேன் எடுத்தார்கள். குறைபாடு இல்லாதவர்களுக்கும், சிகிச்சை தொடங்கியதும் குறைபாடு மறைந்தவர்களுக்கும் வழமையான 70 கிரேக்குப் பதில் 30 கிரேயோடு நிறுத்தினார்கள். மிகப் பெரும்பாலானோரில் நோய் திரும்பவில்லை. உமிழ்நீர் வற்றாமல், சோற்றை விழுங்க முடிந்த வாழ்க்கை அது. வெற்றிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் வேறு வகை, இந்த முடிவை அப்படியே அதற்குப் பொருத்த முடியாது. அதனால்தான் எமது மக்களின் நோயில் தனியாக அளந்து பார்க்க வேண்டும் என்கிறோம்.

உடலுக்குள் ரேடியத்தைச் செலுத்திப் புற்றுநோயைத் தாக்க உலகுக்குக் கற்றுத் தந்த நகரங்களில் முதன்மையானது பரிஸ். கதிர்வீச்சை நாள்தோறும் சிறு பங்குகளாகப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான குளோடியுஸ் ரெகோ, இங்குள்ள ரேடியம் நிலையத்தில்தான் தன் பரிசோதனைகளைச் செய்தார். ஒரு பங்குக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சுத் திணறிய கலங்களுக்கு ஒட்சிசன் மீண்டும் எட்டுகிறது என்பது அந்த முறையின் வெற்றிக்கு ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. தலை, கழுத்து, கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான புதிய ஆய்வுகளில் ஒட்சிசன் அளவீட்டைக் கட்டாயமாக்க பிரான்சின் தேசியப் புற்றுநோய் நிலையம் நிதி ஒதுக்க வேண்டும். புற்றுநோய்க்கு நூறு வீதம் செலவேற்கும் நாட்டில் இந்த ஸ்கேனின் செலவு தடையாக இருக்கக் கூடாது.

ஆய்வில் சேர ஒப்புதல் தரும் படிவம் தமிழிலும் கிடைக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்காரவைத்து ஒரு தாய் தன் புற்றுநோயைப் பற்றிக் கேட்டறியும் நிலை ஏற்கத்தக்கதல்ல. ஆய்வு என்றதும் ‘எங்களைச் சோதனை எலியாக்குகிறார்கள்’ என்று ஒதுங்குவதை நாமும் விட வேண்டும். ஒதுங்கினால் கிடைக்கும் விடைகள் மற்றவர்களின் உடலில் இருந்தே வரும். நோயாளி தானே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: கதிர்வீச்சு நாட்களில் சிகரெட்டைத் தொடாதீர்கள். புகை இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் தொடர்ந்து புகைத்தவர்களுக்குச் சிகிச்சை குறைவாகவே பலித்தது என்று 1993இலேயே கனடிய ஆய்வு காட்டியது. இதற்கு ஸ்கேனும் வேண்டாம், நிதியும் வேண்டாம், முதல் சிகிச்சை நாளுக்கு முன்பே தொடங்கலாம்.