‘லாம்’ என்னும் இரண்டெழுத்து



நம் வீட்டுப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால் என்ன நடக்கிறது? வசதியிருந்தால் ஒரு புதுச்சட்டை, கொஞ்சம் பாயசம். மறுநாள் காலையில் அவன் அதே பாயில்தான் கண்விழிக்கிறான். அதே அம்மாதான் டீ டம்ளரை நீட்டுகிறாள். 25 வயதுவரை தகப்பன் கையைப் பார்த்து நிற்கிற பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை. பிள்ளை காலூன்றும்வரை தாங்குவதற்குத்தானே வீடு?

ஆனால் இதே மும்பையில், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த நாள் வெளியேறும் நாள். நேற்றுவரை மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, மணி அடித்தால் படுத்தவன் இன்று ஒரு பையும் ஒரு கோப்புமாகத் தெருவில் நிற்கிறான். அரிசி என்ன விலை என்று அவனுக்குத் தெரியாது. கடைக்குப் போய் வாங்கிய பழக்கமே இல்லை. வாடகை ஒப்பந்தம் என்றால் என்ன, சம்பளத்தை மாசக் கடைசிவரை எப்படி இழுப்பது, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது? எதையும் யாரும் கற்றுத்தரவில்லை. அவனுடைய ஆதார் அட்டையில் இருப்பதோ, இனி அவன் நுழைய முடியாத இல்லத்தின் முகவரி!

இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தாதரிலும் குர்லாவிலும் தெற்கத்தி ரயில்களிலிருந்து தனியாக இறங்கும் சிறுவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அடி தாங்காமல் ஓடிவந்தவன், பட்டறை வேலைக்கென்று அழைத்துவரப்பட்டவன், பெற்றவர்களை இங்கேயே பறிகொடுத்தவள் என்று அந்த இல்லங்களில் நம் மொழி பேசிய பிள்ளைகளும் வளர்கிறார்கள்.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்தின் வாசலுக்கே அப்படி ஒரு பையன் வந்தான். சிறுவயதில் ரயிலேறி வந்தவன். தமிழ் பாதி மறந்து இந்தியில்தான் பேசினான். தங்க ஓர் இடம் வேண்டும், இரண்டு மாதம் போதும் என்றான். நாம் என்ன கேட்டோம்? “எந்த ஊர்? யார் மகன்? உனக்கு ஜாமீன் யார்?” மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. “ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும், அப்போது வா” என்று அனுப்பிவைத்தோம். அவன் வரவில்லை. நாமும் தேடவில்லை. அந்த ஞாயிறன்று பொங்கல் விழாச் செலவைப் பற்றி இரண்டு மணி நேரம் விவாதித்தோம்! ஆகவே, இந்தக் கட்டுரை சர்க்காரிடம் கேட்கிற கேள்வி நம்மிடமும் கேட்கிற கேள்விதான்.

ஊர் இல்லாதவன்

“நாங்களெல்லாம் கஷ்டப்பட்டு முன்னுக்கு வரவில்லையா? பதினைந்து வயதில் வெறுங்கையோடு வந்தோம். எங்களுக்கு எந்த சர்க்கார் வீடு கொடுத்தது?” என்று நம் பெரியவர்களில் சிலர் கேட்பார்கள். அவர்களிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறோம்: ஐயா, ஸ்டேஷனில் உங்களை எதிர்கொண்டது யார்? முதல் இரவு யாருடைய அறையில் படுத்தீர்கள்? முதல் சம்பளம் வரும்வரை மெஸ்ஸில் கணக்கு வைத்தது யார் பேரில்? தோல் பதனிடும் கொட்டகையில் “நம்ம ஊர்ப் பையன்தான்” என்று சொல்லிச் சேர்த்துவிட்டது யார்?

வெறுங்கையோடு வந்தோம் என்பது பாதி உண்மைதான். நாம் ஓர் ஊரைக் கையோடு கொண்டுவந்தோம். தாராவியில் நெல்லைச் சீமைக்காரர்கள் அப்படித்தான் பிழைத்தார்கள். தோபித் தலாவில் கோவாக்காரர்கள் ஊருக்கு ஊர் ‘கூட்’ அமைத்துக் கப்பல் வேலைக்கு வந்தவர்களைத் தங்கவைத்தார்கள். கிரண்காவின் மராட்டிய மில் தொழிலாளிகள் ஓர் அறையில் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறிப் படுத்து, கானாவளியில் மாதக் கணக்கில் சாப்பிட்டார்கள். 1976-ல் ஜனதா காலனியை இடித்து நம் ஜனங்களைச் சீட்டா கேம்ப்பின் சகதியில் கொண்டுபோய் விட்டபோதுகூட, பக்கத்துக் குடிசைக்காரர் பக்கத்திலேயே இருந்தார்.

இந்த நகரத்தில் எந்த ஏழையும் தனியாக நின்று முன்னுக்கு வந்ததில்லை. ஓர் அறை, ஒரு சாப்பாட்டுக் கணக்கு, ஜாமீன் சொல்ல ஒரு வாய், இரண்டு மூன்று ஆண்டு அவகாசம். இந்த நான்கும்தான் நம்மை மனிதர்களாக்கின. இல்லத்துப் பிள்ளைக்கு இந்த நான்கும் இல்லை. அவன் கேட்பது தர்மம் அல்ல. நமக்குக் கிடைத்த அதே நான்கைத்தான் கேட்கிறான். அவனை வளர்த்தது சர்க்கார் என்றால், அவனுக்கு ஊர் சர்க்கார்தான். அந்த ஊர் அவனுக்குத் தன் கடமையைச் செய்ததா?

சட்டம் சொல்வது என்ன?

1920-ல் சென்னை மாகாணமும் 1924-ல் பம்பாய் மாகாணமும் குழந்தைகளுக்கென்று சட்டம் இயற்றின. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்போது நடப்பிலிருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 18 முடிந்து 21 நிறையாதவர்களுக்குப் பிற்காப்பு என்று அது இலக்கணம் வகுக்கிறது. நல்லது. ஆனால் 46-ஆம் பிரிவைப் படியுங்கள். 18 வயது நிறைந்து வெளியேறும் பிள்ளைக்குப் பண உதவி ‘வழங்கப்படலாம்’ என்கிறது அது! ‘வழங்கப்பட வேண்டும்’ என்று சொல்லவில்லை, ‘லாம்’ என்கிறது. அந்த இரண்டெழுத்தில்தான் ஒரு தலைமுறை நழுவி விழுகிறது. நிதி இருந்தால் கொடுக்கலாம், அதிகாரிக்கு மனமிருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகளோ காகிதத்தில் அழகாகவே இருக்கின்றன. வெளியேறுவதற்கு இரண்டு மாதம் முன்பே பிள்ளைக்கான திட்டம் தயாராக வேண்டுமாம். 6 முதல் 8 பேர் சேர்ந்து வாழத் தற்காலிகக் குழு வீடு, தொழிற்பயிற்சி, உதவித்தொகை, ஆலோசகர் எல்லாம் உண்டாம். விசேஷ நிலைமையில் 23 வயதுவரை நீட்டிக்கவும் செய்யலாமாம். ஆனால் தாய்ச் சட்டமே பிடியைத் தளர்த்திவிட்ட பிறகு விதி எதைக் கட்டி இழுக்கும்?

மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் வகுத்திருக்கிறார்கள். அதாவது நாளொன்றுக்கு 133 ரூபாய். மும்பையில் இந்தப் பணத்துக்குப் படுக்க இடம் பார்ப்பதா, சாப்பிடுவதா, வேலைக்குப் போக ரயில் பாஸ் எடுப்பதா? அறை கிடைத்தாலும் டெபாசிட் யார் கட்டுவது? 2018-ல் மகாராஷ்டிர அரசு அனாதைகளுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 1 சதவீத இட ஒதுக்கீடு அளித்தது. வரவேற்கிறோம். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிறவன் இரவில் எங்கே படுப்பான்?

ஒரு பழைய கணக்கையும் இங்கே நினைவூட்டுகிறோம். 1875-ஆம் ஆண்டின் மேஜர் வயதுச் சட்டப்படி பொதுவாக 18 வயதில் ஒருவர் மேஜர். ஆனால் நீதிமன்றம் கார்டியன் நியமித்த மைனருக்கும், ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ பொறுப்பில் இருந்த ஜமீன் வாரிசுக்கும் 21 வயது! 1999-ல்தான் இந்த வேற்றுமை எடுக்கப்பட்டது. சொத்துள்ள பிள்ளை 18 வயதில் உலகம் அறியாதவன், ஏமாந்துவிடுவான் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. சொத்தில்லாத பிள்ளை மட்டும் அதே வயதில் எல்லாம் அறிந்தவனாகிவிடுகிறானா?

சோம்பேறியாக்குமா?

“21 வயதுவரை, 23 வயதுவரை தாங்கினால் சோம்பேறியாகிவிடுவார்கள்” என்கிறார்கள். நாம் சொல்கிறோம்: மணி அடித்துச் சோறு போடுவதுதான் கைகளை முடக்குகிறது. 200 பேர் படுக்கும் இன்னொரு விடுதியை நாம் கேட்கவில்லை. மனிதர்கள் வாழும் தெருவில், சாலில், ஆறேழு பேர் சேர்ந்திருக்கும் ஒரு வீட்டைக் கேட்கிறோம். அங்கே வார்டன் வேண்டாம். பக்கத்தில் குடியிருந்து, கேட்டால் வழிசொல்லும் ஓர் அண்ணனோ அக்காவோ போதும். சமையல் முறை அவர்களுடையது. மாசக் கணக்கு அவர்களுடையது. முதல் வேலை போனால் இரண்டாவது வேலை தேடும்வரை கூரை இருக்க வேண்டும். தப்புச் செய்யவும் திருத்திக்கொள்ளவும் நம் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறோம் அல்லவா? அதே இடம். இந்தப் பழக்கம் 18 வயதில் அல்ல, 16 வயதிலேயே தொடங்க வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் முடித்துவிட்டால் ‘மறுவாழ்வு’ என்று கணக்கெழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. கல்யாணம் அவளுடைய விருப்பம். அது தங்குமிடத்துக்குக் கொடுக்கும் விலையாக இருக்கக் கூடாது. தன் பூட்டும் தன் சாவியும் உள்ள ஒரு கதவு அவளுக்கு முதலில் வேண்டும்.

நாம் கோருவது

ஒன்று: 46-ஆம் பிரிவின் ‘லாம்’ நீங்கி ‘வேண்டும்’ வர வேண்டும். இரண்டு: 23 வயதுவரை என்பது விசேஷச் சலுகையாக அல்லாமல் உரிமையாக வேண்டும். மூன்று: உதவித்தொகை நகரத்தின் வாடகையைப் பார்த்து நிர்ணயிக்கப்பட வேண்டும். நான்கு: ‘மாடா’ கட்டும் குடியிருப்புகளில் இந்தக் குழு வீடுகளுக்கென்று அறைகள் ஒதுக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை சர்க்காரிடம் அல்ல, நம்மிடம். இந்த நகரத்தில் தமிழர் சங்கங்களுக்குக் குறைவில்லை. விழா மேடைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால், சங்கத்துக்கு ஓர் அறையாவது வாடகைக்குப் பிடிக்க முடியாதா? சாப்பாட்டுக் கணக்கைச் சங்கம் ஏற்கட்டும். பட்டறை வைத்திருப்பவர் தொழில் சொல்லிக் கொடுக்கட்டும். வாடகைப் பத்திரத்தில் நம் உறுப்பினர்கள் இருவர் ஜாமீன் கையெழுத்துப் போடட்டும். அறை தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும்தானா என்று கேட்காதீர்கள். பசிக்கும் பிள்ளையிடம் தாய்மொழி கேட்பவன் தமிழன் அல்லன்.

வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். எதிர்ப்பவர்கள் எழுந்து பேசட்டும், பதில் சொல்கிறோம். ஆனால் தீர்மானத்தில் ஒரு சொல்லை மட்டும் அனுமதிக்க மாட்டோம். ‘அறை ஏற்படுத்தலாம்’ என்று யாரும் எழுதக் கூடாது. ‘அறை ஏற்படுத்துவோம்’ என்றே எழுத வேண்டும். நம் வாசலிலிருந்து திரும்பிப்போன அந்தப் பையனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அது.