தோல்நிறம் பார்த்து வரைந்த எல்லை

பாலினீசியா, மைக்ரோனீசியா, மெலனீசியா என்று பசிபிக் தீவுகளைக் கூறுபோட்டவர் பிரெஞ்சுக் கடலோடி துய்மோன் துர்வில். ஆண்டு 1832. மக்களின் தோல்நிறத்தையும் தோற்றத்தையும் பார்த்து அவர் போட்ட எல்லை இன்றும் பாடநூல் வரைபடங்களில் நிற்கிறது. அது மொழி எல்லை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராணுவ மருத்துவராக இருந்து மொழியியலுக்கு வந்த ஜெர்மானியர் ஓட்டோ டெம்ப்வோல்ஃப், 1920களிலும் 30களிலும் ஒலிமாற்றங்களை ஒப்பிட்டு, இந்த மூன்று பகுதிகளின் மொழிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்தவை என்று காட்டினார். இன்று ஓசியானியம் எனப்படும் அக்குடும்பத்தில் 450க்கும் மேற்பட்ட மொழிகள். தனிப்பெரும் இனத்தின் மொழிகளாகக் கொண்டாடப்பட்ட பாலினீசிய மொழிகள் அதில் ஒரு சிறு கிளை மட்டுமே. அவற்றின் நெருங்கிய உறவுகள் ஃபிஜி, ரொட்டுமன் மொழிகள். மைக்ரோனீசியாவுக்குள்ளேயே இருக்கும் பலாவு, சமோரோ மொழிகளோ ஓசியானியமே அல்ல.

உறவை எப்படித் தீர்மானிப்பது? பழையதை இரு மொழிகள் காத்து வைத்திருப்பது போதாது. சேர்ந்து மாறியிருக்க வேண்டும். பாலினீசியத்தில் டோங்கா, நியுவே மொழிகள் பழைய ரகரத்தை இழந்தன. சமோவா, மாவோரி முதலியவற்றின் மூதாதை மொழியில் ரகரமும் லகரமும் ஒன்றாயின. ‘இரண்டு’ என்பதற்கு டோங்காவில் ‘உவா’, சமோவாவில் ‘லுவா’, மாவோரியில் ‘ருவா’. இப்படிச் சேர்ந்து மாறிய சொல்லமைப்புக் கூறுகளைக் கொண்டே 1966இல் ஆண்ட்ரூ பாலி பாலினீசியத்தின் உட்பிரிவுகளை வகுத்தார்.

சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில் பேசப்படும் ஐவோ மொழியின் கதை இன்னும் முக்கியமானது. அதன் சிக்கலான வினையமைப்பைப் பார்த்துவிட்டு, அது ஓசியானியத்தோடு உறவற்ற பப்புவ மொழி என்றே பல காலம் வாதிடப்பட்டது. 2007இல் மால்கம் ராஸும் ஓஷில்ட் நெஸ்ஸும் ஒலி ஒப்புமைகளை ஒழுங்குபடுத்தி, அது ஓசியானியமே என்று நிறுவினர். தோற்றம் பார்த்து உறவு சொல்லும் பழக்கம் மொழியியலுக்குள்ளும் இருந்திருக்கிறது.

மொழிகள் கிளைப்பதைக் காட்டும் மர வரைபடமும் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை. கிழக்கு ஃபிஜியின் பேச்சுவழக்குகள் முதலில் பாலினீசியத்தோடு சேர்ந்து மாறின, பிறகு மேற்கு ஃபிஜியோடு நெருங்கின என்று 1983இல் பால் ஜெராட்டி வாதிட்டார். அவற்றை எந்தக் கிளையில் வைப்பது? அங்கே ஒன்றையொன்று பின்னிய வலைதான் உண்மைக்கு நெருக்கம்.

இந்த ஆய்வுக்கெல்லாம் அடிப்படை சிறு மொழிகளின் பதிவு. மெலனீசியத் தீவுநாடான வனுவாட்டுவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் மக்களிடையே நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. பல மொழிகளைச் சில நூறு பேரே பேசுகிறார்கள். பதிவாகாமல் ஒன்று மறைந்தால் மற்றவற்றின் உறவை நிறுவும் சான்றும் போய்விடும். களத்தில் இறங்கிச் சிறு மொழிகளைப் பதிவு செய்வோரின் உழைப்பைத் தமிழில் எழுத முன்வருபவர்களுக்கு இவ்விதழில் இடம் உண்டு. எழுதுங்கள்.